வெள்ளக்கோட்டுக்கு மேலே ஸ்பீக்கர்

ஜொகூர் பாரு நகரில் இருந்த அந்த ஸ்பீக்கர் கடைக்கு ஜாக்லின் தன் அப்பா கேப்ரியலைக் கூட்டிப் போனது ஒரு சனிக்கிழமை. அன்று நடந்த பேச்சு முதலிலிருந்து கடைசிவரை அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கடையில் கால்வின் என்பவன் இருந்தான். ஸ்பீக்கர் விற்பவனும் அவன்தான், வீட்டுக்கு வந்து மாட்டித் தருபவனும் அவன்தான். இவர்களைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"வாங்க அங்கிள். எத்தனை இன்ச் டிவி பாக்குறீங்க?"

"டிவி இருக்கு. பழசுதான், இருந்துட்டுப் போவுது. எனக்குச் சத்தம் மட்டும் வேணும்."

கால்வின் நெஞ்சுயரம் நின்ற இரண்டு ஸ்பீக்கர்களுக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினான். கேப்ரியல் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒன்றைத் தட்டினார். பிறகு உச்சியிலிருந்து அடிவரை தடவினார்.

"இது வீட்டுல எங்க நிக்கும்?"

"டிவிக்கு ரெண்டு பக்கமும், தரையில."

"அப்ப வேணாம். நான் இதுல போய் முட்டுவேன்."

கால்வின் சிரித்தான். "அங்கிள் தண்ணி போடுவீங்களா?"

"போடாமலே முட்டுவேன்."

கால்வினின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜாக்லினைப் பார்த்தான். அவள் விலைச்சீட்டு ஒன்றைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டாள். கேப்ரியலே அவனைக் காப்பாற்றினார்.

"எனக்கு இனிப்பு நீர், தம்பி, சக்கரை வியாதி. ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொண்ணு இன்னும் ஓடுது, பழைய லோரி மாதிரி. அதனால தரையில ஒரு சாமானும் நிக்கக் கூடாது, ஒயரும் கிடக்கக் கூடாது. சுவத்துக்குள்ளயே வைக்கிறது இருக்காமே?"

"இருக்கு அங்கிள். பதிச்சு வச்சிட்டா வெளியே வலை மட்டும்தான் தெரியும். அதுக்கும் சுவத்துக் கலரே அடிச்சிக்கலாம்."

"கலரு கிடக்கட்டும். கேக்கணும்ல?"

கால்வின் அவர்களை உள்ளறைக்கு அழைத்துப்போய் ஒரு படத்தைப் போட்டான். விமானம் வெடித்தது. நாற்காலி அதிர்ந்தது. கேப்ரியல் கையை உயர்த்தினார்.

"தம்பி, குண்டு வெடிச்சா எங்க ஊரு கோத்தா திங்கி வரைக்கும் தானா கேக்கும். அதுக்கு நீ எதுக்கு? ரெண்டு பேரு மெதுவாப் பேசுறதைப் போடு."

கால்வின் தேடி, சமையலறையில் புருஷனும் பெண்சாதியும் குரல் எழுப்பாமல் சண்டை போடும் ஒரு கட்டத்தைப் போட்டான். கேப்ரியல் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொம்பளை இடது பக்கம் நிக்கிறா. சரியா?"

"சரி அங்கிள்."

"தட்டை அவ கழுவல. அவன்தான் கழுவுறான்."

கால்வின் திரையைப் பார்த்தான். "அலமாக்!" என்று வியந்தான்.

"இதையே குடு," என்றார் கேப்ரியல்.

கோத்தா திங்கிக்கு வெளியே எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். இளவயதில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்ட ஏறியவர், தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையிலேயே பாதி ஆயுளை ஓட்டித் தீர்த்தார். ஓய்வு நாள் வந்தால் ஜொகூர் பாருவுக்குப் போய்ப் படம் பார்ப்பார். படம் நன்றாக இல்லையென்றால் அந்தக் கசப்பு போக இன்னொரு படமும் பார்த்துவிட்டு வருவார். குடி கிடையாது, லாட்டரி நம்பர் எடுப்பது கிடையாது. "எனக்கு இருக்கிறது ஒரே கெட்ட பழக்கம். அதையும் டிக்கெட் வாங்கிட்டுத்தான் செய்றேன்," என்பார்.

ஒருநாள் காலை, ஆலை வாசலில் வருஷக்கணக்காகப் பார்த்த கம்பத்தின்மேல் லோரியை ஏற்றினார். யாருக்கும் அடியில்லை. முதலாளி ஏதாவது சொல்வதற்குள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குச் சில மாதம் கழித்துத் தியேட்டர் இருட்டில் படி தவறி, முன்வரிசைக்காரர் மடியில் போய் விழுந்தார். அதோடு தியேட்டருக்கும் முழுக்குப் போட்டார்.

போன பார்வை திரும்பாது, இருப்பதை முடிந்தவரை பிடித்து வைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஜாக்லின் ஜொகூர் பாருவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தாள். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "கண்ணு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பாள். "ஓடுது," என்பார் அவர். அதற்குமேல் கேட்க அவளுக்கு வாய் வராது. கண் இருக்கும்போதே காதால் படம் பார்க்கப் பழகிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த ஒரு கெட்ட பழக்கத்தையாவது அப்பாவிடம் விட்டுவைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

கோத்தா திங்கியில் இருந்த அவர்கள் வீட்டுக்குக் கால்வின் வந்தான். வந்தவன் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"டிவி ஏன் அங்கிள் அங்க ஏறி உக்காந்திருக்கு?"

அது மாதாபடத்துக்குச் சமமான உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 2006 கடைசியில் ஜொகூர் ஆறு ஊருக்குள் வந்தபோது அந்தக் கூடத்தில் தண்ணீர் நெஞ்சளவு நின்றது. வற்றியது என்று சேற்றைக் கழுவி முடித்த சில வாரத்தில் மறுபடியும் வந்தது. தண்ணீர் விட்டுப்போன கோட்டின்மேல் கேப்ரியல் சாயம் அடித்தார். ஆனாலும் மின்சாரம் ஓடும் எதையும் அதற்குப் பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க விட்டதில்லை. பிளக் பாயிண்டெல்லாம் தோளுயரத்தில். குளிர்பெட்டி சிமெண்டுக் கட்டைமேல். தெருவில் பல வீடு அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. ஜொகூர் பாருக்காரனுக்குத்தான் பட்டது.

கால்வின் பையிலிருந்து ஒரு ஜிப்சம் பலகைத் துண்டை எடுத்தான். செங்கல் சுவரை உடைக்காமல், முன்னால் இந்தப் பலகையில் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி அதற்குள் ஸ்பீக்கரை வைக்கலாம் என்றான். கேப்ரியல் துண்டை வாங்கி விரலால் சுண்டினார்.

"இது தண்ணி பட்டா பால்ல போட்ட ரொட்டி, தம்பி. உடைச்சே வையி."

"சரி. எந்த உயரத்துல?"

கேப்ரியல் சுவரைத் தடவிக்கொண்டே போய்த் தலைக்குமேல் கையை வைத்தார். "இங்க."

ஸ்பீக்கரோடு வந்த விளக்கத் தாளை ஜாக்லின் இரண்டு முறை படித்திருந்தாள். "அப்பா, ஸ்பீக்கர் காதுக்கு நேரா வரணும்னு போட்டிருக்கு."

"யாரு காதுக்கு?"

"உக்காந்து கேக்கிறவங்க காதுக்கு."

"அதை எழுதினவன் வீட்டுக்குள்ள ஆறு வந்துச்சா?"

"அங்கிள், அவங்க சொல்றது சரிதான்," என்றான் கால்வின். "இவ்வளவு மேல வச்சா பேச்செல்லாம் தலைக்கு மேலேயே போயிரும்."

"போனா போவட்டும். தண்ணி வந்தா நீயா வந்து கழட்டுவே? இல்ல நான் துழாவிக்கிட்டுக் கழட்டவா?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏம்மா ஜாக்லின், அந்த மனுஷன்கிட்ட பேசுறதுக்குப் பதிலா சுவத்துகிட்டயே பேசு. அதுவாவது உடையும்."

சுவர் உடைந்தது. அவர் சொன்ன உயரத்திலேயே உடைந்தது. வீடெல்லாம் செங்கல் தூசி பறந்தது. பின்பக்கப் பெட்டி சுவரின் கனத்துக்குள் அடங்காமல் படுக்கையறைப் பக்கம் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றது. "இனி என் தலைமாட்டுலதான் எல்லா வில்லனும் சாவப் போறான்," என்றாள் அம்மா.

முதல் படத்தைப் போட்ட அன்று கேப்ரியல் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு முகத்தை மேலே தூக்கினார், இடதுபுறம் திருப்பினார், மறுபடி தூக்கினார்.

"எப்படிப்பா?"

"பூசையில பிரசங்கம் கேக்குற மாதிரி இருக்கு. கள்ளனும் மேலேருந்துதான் பேசுறான், போலீசும் மேலேருந்துதான் பேசுறான்."

"கீழ இறக்கிடலாமாப்பா?"

"வேணாம். பழகிடும்."

அவர் பழகினாரா, பழகியதாகக் காட்டிக்கொண்டாரா என்று ஜாக்லினுக்குத் தெரியவில்லை. கால்வின் ஒருமுறை வந்து, ஸ்பீக்கருக்குள் இருந்த சின்னக் கூம்பைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டுப் போனான். கொஞ்சம் தேவலை என்றார் கேப்ரியல். மழைக்காலம் தொடங்கியது. ஆறு இந்தமுறை கரைக்குள்ளேயே இருந்தது.

அந்த மழையில்தான் அவர் மகளிடம் புதுக் குறை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். "இந்த ஸ்பீக்கர் அப்பப்ப அடைச்சிக்கிது பாப்பா. ஓடிக்கிட்டே இருக்கும், பொசுக்குன்னு நின்னு போவும். அப்புறம் அதுவா வரும்." சுவருக்குள் ஈரம் இறங்கியிருக்கும் என்றாள் அம்மா. ஒயர் எங்கோ தளர்ந்திருக்கும் என்று ஜாக்லின் நினைத்தாள். கால்வினுக்குப் போன் போட்டாள்.

அவன் வலைகளைக் கழற்றினான். ஒயரை இழுத்துப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் தனித்தனியே பாட்டு ஓடவிட்டான். ஒரு குறையும் இல்லை. "எந்த எடத்துல நின்னுச்சு அங்கிள்?" என்று கேட்டான்.

கேப்ரியல் முந்தின நாள் பார்த்த படத்தைப் போடச் சொன்னார். "அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு வருவா. கதவு சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் பாரு."

கதவு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"பாத்தியா, நின்னு போச்சு!" என்றார் கேப்ரியல், தன் வாதம் நிரூபணமான மகிழ்ச்சியில்.

கால்வின் திரையைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல் சொன்னான். "நிக்கல அங்கிள். இந்த எடத்துல சத்தமே வைக்கல. அந்தம்மா பையன் தலையைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காங்க. வேற ஒண்ணும் இல்ல."

"அப்படியா," என்றார் கேப்ரியல்.

திரை அவருக்கு நேரே வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் திரை முழுக்க இருந்தது. கூடத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் புரிந்தது. அடுப்படியில் பாத்திரம் உருட்டிய சத்தம் நின்றது. கால்வின் வலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினான். தேத்தண்ணி வேண்டாம் என்றான். போகும்போது, "எது வேணும்னாலும் கூப்பிடுங்க அங்கிள்," என்றவன், தன்னால் செய்யக்கூடியது இனி அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்தவனைப்போல வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிட்டுப் போனான்.

ஜாக்லின் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்துப்பா?"

"மழைக்கு முந்தியே. வெளிச்சம் தெரியுது. ஆளு போனா நிழல் தெரியுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வே?"

மறுநாள் விடுப்புப் போட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். மருத்துவர் நெடுநேரம் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, முன்பு சொன்னதையே இன்னும் மென்மையாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும் வழியில் பிரதான சாலையின் இருபுறமும் செம்பனைகள் ஓடின. கேப்ரியல் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார். மருந்துச் சீட்டைப் பிடித்திருந்த அவள் கைக்கு வேறு வேலை இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, சாப்பிட்டு, அம்மா உள்ளே படுக்கப் போய்விட்டாள். கேப்ரியல் படம் போடச் சொன்னார். மேலிருந்து இரண்டு பேர் பேசினார்கள், ஒரு கார் வலதுபுறம் வந்து நின்றது, யாரோ இறங்கினார்கள். பிறகு பேச்சு இல்லை. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. அவர் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அவள் இருந்த பக்கம் திரும்பினார்.

"பாப்பா, பேசுறதெல்லாம் எனக்குக் கேக்குது, அதை நீ சொல்ல வேணாம். யாரும் பேசாம இருக்காங்கல்ல, அந்த எடத்துல மட்டும் என்ன நடக்குதுன்னு சொல்லும்மா. அழுதா அழுவுறாங்கன்னு சொல்லு, சும்மா நின்னா நிக்கிறாங்கன்னு சொல்லு. எனக்காகக் கூட்டியும் சொல்லாத, குறைச்சும் சொல்லாத."