பங்கருக்குக் கட்டிய மூட்டை

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஒரு சரிவு. முன்னால் தெரு, தெருவுக்கு அப்பால் ஏரி. கனடாவில், ஸ்காபரோவின் தென்கிழக்கு மூலை அது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை முழுக்க மழை பெய்யவில்லை. ஆவணியில் ஒரு பின்னேரம் சரிவில் நின்ற காய்ந்த புல் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்ததென்று கடைசிவரை தெரியவில்லை. தீயணைப்பு வண்டிகள் மூன்று வந்தன. வீடுகள் தப்பின. சரிவு கறுத்துப்போய் நின்றது.

ஐப்பசியில் ஒரு சிறு தூறலுக்கே சாம்பலும் மண்ணும் கரைந்து பின்வளவில் கூழாக நின்றது. வேர் எரிந்த மண்ணுக்குப் பிடிமானம் இல்லை. வார இறுதியில் கனமழை என்று வானொலி சொன்னது. மேல்தளத்தில் இருந்த வீட்டுக்காரர் பிறம்ரன் நகரில் ஒரு வெயாஹவுசில் சாமான் அடுக்கும் வேலை செய்பவர். அந்தக் கூழைச் சப்பாத்தால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, உது இறங்கினா நேரே உங்கட கதவுக்குத்தான் வரும்."

எங்கள் கதவு, நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்றின் பின்கதவு. வெளியிலிருந்து ஐந்து படி இறங்கவேண்டும். உள்ளே நாலடி தள்ளி என் மனைவியின் தையல் மெஷின் நின்றது. தொழிற்சாலைகளில் இருக்கும் வகை. மேசைக்குக் கீழே கனத்த மோட்டர் பூட்டியது. கொண்டுவந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மேலே மூன்று அறைகளில் ஏழு பேர் இருந்தார்கள். அதை ஏற்றினாலும் வைக்க இடமில்லை. எனக்கு அப்போது வேலை இல்லை. எங்கள் சீவியம் அந்த மெஷினில் ஓடியது. மோட்டருக்குள் சேறு போனால் அதோடு சரி.

மண்மூட்டை அடுக்குவோம் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஊரில் பத்திரிகையில் வேலை செய்தபோது, குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கர் அமைப்பது எப்படி என்று அரைப்பக்கம் எழுதியவன் நான். மண்ணை இறுக்கி நிரப்புக. வாயை வரிந்து கட்டுக. செங்கல் போல மாற்றி அடுக்குக.

தமிழ்க்கடையில் வெறும் அரிசிப் பைகள் முப்பத்தாறு கிடைத்தன. சனிக்கிழமை காலையிலிருந்து வளவின் ஓரத்து மண்ணை வெட்டி நிரப்பினோம். மண் குளிர்ந்து ஈயம்போல் கனத்தது. மத்தியானத்துக்குள் படியைச் சுற்றி இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழும்பிவிட்டது. எனக்கு முதுகை நிமிர்த்த முடியவில்லை.

வீட்டுக்காரர் தள்ளி நின்று பார்த்தார். "என்ன தம்பி, ஷெல்லடியும் இருக்கெண்டு ரேடியோவில சொன்னவங்களோ?"

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பைகளைப் படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து சுவரின் வெளிப்பக்கத்தில் ஊற்றினாள். தண்ணீர் மூட்டைகளின் இடுக்குகளால் நுழைந்து, கோப்பைகளைத் தாண்டி, ஐந்து படியும் இறங்கிக் கதவடியில் நின்றது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் குண்டுக்குக் கட்டியிருக்கிறியள்."

"நல்லா இறுக்கித்தானே கட்டினனான்."

"அதுதான் பிழை. தலகணியை இறுக்கி அடைச்சா உருண்டு நிக்கும். அரைவாசி அடைச்சாத்தான் ஒண்டில ஒண்டு படியும். படிஞ்சாத்தானே ஓட்டை மூடும்?"

வீட்டுக்காரர் சிரித்தார். "பேப்பர்காரருக்கே பிழை திருத்துறா பிள்ளை!"

நான் ஒரு மூட்டையை அமுக்கிப் பார்த்தேன். துப்பாக்கிச் சன்னத்தை மறிப்பது இறுகிய மண். பங்கரில் இடுக்கு இருந்தால் நல்லதென்றே நினைத்தோம்; காற்று வரும். அந்த அரைப்பக்கத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

முப்பத்தாறு மூட்டையையும் அவிழ்த்தோம். பாதி மண்ணைக் கொட்டித் திரும்ப அடுக்கினோம். சுவர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. கொட்டிய மண் குவிந்து கிடந்தது, பை இல்லை. கடையில் எல்லாவற்றையும் நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன்.

அவள் கீழே போனாள். மெஷினில் திங்கட்கிழமை தைத்துக் கொடுக்கவேண்டிய சட்டைக் கொலர்கள் இரண்டு கட்டுக் கிடந்தன. அவற்றைக் கட்டிலில் தள்ளினாள். எங்கள் ஜன்னலில் தொங்கிய கேர்ட்டினைக் கழற்றினாள். மேலே கேட்டு வாங்கிய கேர்ட்டின்களையும் பழைய பெட்ஷீற்றுகளையும் சேர்த்து நான் வெட்டிக் கொடுக்க, இரண்டாய் மடித்து இரு ஓரமும் தைத்துத் தள்ளினாள். ஒரு பைக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. நாற்பத்தொரு பைகள். பாதிக்கு மேல் ரோசாப்பூப் போட்டவை.

"கட்டாதேங்கோ. வாயை மடிச்சு அடியில வையுங்கோ," என்றாள்.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்தது. இரண்டு மணித்தியாலம் கழித்துச் சரிவு இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கறுப்பாக, மெதுவாக, கஞ்சி வழிவதுபோல் வந்து, மேலே அடுக்கிய ரோசாப்பூப் பைகளின் பாதியில் நின்றது. பைகளுக்குள்ளால் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அதைத் துவாயால் ஒற்றி வாளியில் பிழிந்தோம். கதவடியில் நிலம் நனைந்தது. மோட்டர் நனையவில்லை.

மழை விட்டதும் அவள் காலடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு கொலர்களுக்குத் திரும்பினாள். எனக்குக் கை மடங்கவில்லை. வானொலியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் இருந்தேன். புதன்கிழமை திரும்பவும் மழை என்றார்கள்.

அவள் மிதியிலிருந்து காலை எடுக்காமல் மேலே பார்த்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, வேற கேர்ட்டின் இருக்கே?"

"ஒண்டுதான் பிள்ளை மிச்சம். முன் ஜன்னல்ல தொங்குது."

"ஓம், அதையும் கழட்டித் தாங்கோ."