முத்திரை இல்லாத பச்சைச் சீட்டு

முள்ளுக்குறிச்சி ஹபீப் ரஹ்மான் கொல்லிமலையில் மிளகு வாங்கும் வியாபாரி. மூக்கு நுனியில் கோபம். எடை சரிதான் என்று வருடா வருடம் தராசைத் தூக்கிப் போய் அரசாங்க முத்திரை வாங்கி வருவார். ஒரு வருடம் தவறியதற்கு ஆய்வாளர் தராசையே பிடுங்கிக்கொண்டு போனார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

2003இல் மலைமேல் இருக்கும் திருப்புலி நாடு என்ற ஊருக்கு ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் கம்ப்யூட்டரோடு மருத்துவ முகாம் நடத்த வந்தார்கள். நோயாளியின் விவரத்தைத் தட்டினால் அதுவே ஆபத்தைத் தரம் பிரித்துவிடுமாம். சிவப்புச் சீட்டு வந்தவர்களை மட்டுமே டாக்டர் பார்ப்பார். பச்சைக்குச் சத்து மாத்திரைதான்.

அன்று பக்கத்தில் மிளகு எடை போட்டுக்கொண்டிருந்த ஹபீப், பலா மரத்தடியில் ருக்குமணியைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். புடவையெல்லாம் வேர்வை. புருஷன் அர்த்தனாரி பச்சைச் சீட்டோடு நின்றார்.

"ஏனுங்க, அம்மிணிக்கு இப்படி வேர்த்து ஊத்துது, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிருச்சுங்க பாய்."

"அது கெடக்குது கழுதை! ஏத்துங்க ஜீப்புல!"

மூட்டைகளைத் தெருவில் தள்ளிவிட்டு வண்டியை விரட்டினார். மாரடைப்பு என்றார்கள் ராசிபுரம் ஆஸ்பத்திரியில். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணம்தான் என்றார் டாக்டர். ருக்குமணி பிழைத்தாள்.

ஹபீப் நேரே அறக்கட்டளை ஆபீசுக்குப் போய் நின்றார். மேனேஜர் சிரித்த முகமாகவே விளக்கினார்.

"அந்தம்மா வயசு தெரியாதுன்னுருச்சு. கம்ப்யூட்டர்ல தட்டுற நம்ம பையன் முரளி வயசுக் கட்டத்தைக் காலியா விட்டுட்டான். காலியா இருந்தா கம்ப்யூட்டர் இருபத்தஞ்சு வயசுன்னு எடுத்துக்கும், சின்ன வயசுன்னா பச்சைதான். எழுபதுன்னு போட்டிருந்தா, என்ன நோவுன்னாலும் சிவப்புதான் பாய்."

"மலையில யாருங்க பொறந்த தேதியை வெச்சிருக்காங்க? இதை யாரு சோதிச்சு முத்திரை போட்டாங்க?"

"மருந்துக்குத்தான் லைசென்ஸ். இது வெறும் சாப்ட்வேர்தானே? அடுத்த வருஷம் சரி பண்ணிருவாங்க."

"மிளகு நூறு கிராம் கொறைஞ்சா ஒருத்தனும் சாகமாட்டான். அதுக்கு முத்திரை! ஆளைக் கொல்லக்கூடியதுக்குத்தானேங்க கெடுபிடி அதிகம் வேணும்? அதைக் கேக்க நாதியில்லையா? நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்!"

மேனேஜர் போனை எடுத்து யாரிடமோ பேசத் தொடங்கினார். ஹபீப் கதவை அறைந்து சாத்திவிட்டு மலையேறினார். மிளகு வாங்கப் போன வீட்டிலெல்லாம் நடந்ததைச் சொன்னார், கூடவே ஒரு யோசனையும் சொன்னார்.

அடுத்த முகாமில் முதல் ஆளாக வந்தவள் யமுனா, இடுப்பில் கைக்குழந்தையோடு.

"வயசு?" என்றான் முரளி.

"எழுவது."

முரளி நிமிர்ந்து பார்த்தான். அடுத்து, மீசை அரும்பாத சின்னராசு. "எழுவதுங்க." அவனுக்குப் பின்னால் பெருமாயி, ராசப்பன், அத்தனை பேருக்கும் எழுபது. சிவப்புச் சீட்டாக வந்து விழுந்தது. ஒருவர் விடாமல் பார்த்து முடிப்பதற்குள் டாக்டருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.

கடைசியாக ருக்குமணி மெல்ல நடந்து வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் எழுவதே போடு கண்ணு. காலியா மட்டும் உட்டுராதே."