பெருங்காயம் மணக்காத காலை

சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் விடுதியில் தலைமைச் சமையற்காரர் சண்முகம். சமைக்கும்போது எதையும் அவர் நாவில் வைத்துப் பார்ப்பதில்லை. அல்சூர்ப் பக்கத்து முருகன் கோயில் மடப்பள்ளியில் தொழில் பழகியவர் அவர். அங்கே வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்பருகே நிற்க வேண்டும்; மூச்சுக்காற்றும் நிவேதனத்தின்மேல் படலாகாது; படைக்குமுன் ருசி பார்ப்பது எச்சில் செய்வதற்கு ஒப்பு. கோயிலை விட்டுக் கல்லூரிக்கு வந்த பிறகும் அந்த நியமத்தை அவர் கைவிடவில்லை. அடுப்பு மேடைக்கு மேலே சிறியதாக ஒரு வேலவன் படம். எது வெந்து இறங்கினாலும் முதற்கரண்டி அவனுக்கு.

பின் உப்பும் புளியும் எப்படித் தெரியும்? மணத்தால்தான். மூடியைத் தூக்குவார், ஆவி முகத்தில் படியும், கண்ணை மூடிச் சற்றே நிற்பார். "இன்னும் அரைக் கை உப்பு" என்பார். போட்டால் சரியாக இருக்கும்.

தொற்று பரவி ஊரெல்லாம் முகக்கவசத்தோடு மல்லாடியபோதும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "வாயக் கட்டிக்கிட்டு வேல செய்யறது நமக்குப் பழக்கம் சிஸ்டர். பேசாம இருக்கறதுதான் கஷ்டம்," என்றார் மௌரீனிடம். மௌரீன் கல்லூரி மருத்துவ அறையின் செவிலியர். லிங்கராஜபுரத்திலிருந்து நாள்தோறும் ஸ்கூட்டரில் வருபவர்.

2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், புதுமுக மாணவர்களை வரவேற்க நடந்த ஆட்டபாட்டத்துக்குப் பின், விடுதியில் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். பருவத்தேர்வு தொடங்கிவிட்ட நேரம். தொற்று உறுதியானவர்கள் மேல்மாடிக்குப் போனார்கள். அவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள் கீழ்த்தளத்தில் தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டார்கள். வாயிற்கதவு அடைக்கப்பட்டது.

அப்படிக் கீழ்த்தளத்துக்கு மாறியவர்களில் தீபிகா என்ற மூன்றாமாண்டு மாணவியும் ஒருத்தி. பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவள் சமையற்கூடத்தின் சன்னலுக்கு அப்பால் நின்றாள்.

"சண்முகண்ணா, ஹாஸ்டல மூடிடுவாங்கன்னு பேசிக்கறாங்களே, நெஜமா?"

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. அப்பாவுக்குக் கிட்னி மாத்தி ஆறு மாசந்தான் ஆகுது. ஈஜிபுராவுல எங்களுக்கு ஒரே ரூம் வீடு. நான் இப்பப் போயி எங்கண்ணா படுப்பேன்?"

"நீ ஏம்மா போற? இந்த அடுப்பு எரியற வரைக்கும் உன்ன யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க. நான் சொல்றேன், போயிப் படி."

சமையற்காரர் ஒருவர் கொடுக்கக்கூடிய வாக்கு அதுதான். அவரும் அதைத் தெரிந்தே கொடுத்தார். வெளி உணவகங்களைக் கல்லூரியார் கேட்டுப் பார்த்துவிட்டார்கள்; நோய் புகுந்த வளாகத்துக்குள் பாத்திரம் அனுப்ப ஒருவரும் துணியவில்லை. அடுப்பு அணைந்தால் விடுதி காலி என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

சில நாள் கழித்து ஒரு காலை. இட்லி வெந்துகொண்டிருந்தது. சாம்பார் கொதித்து நுரை கட்டியதும் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினார் சண்முகம். ஆவி எழுந்தது, மணம் எழவில்லை. முகக்கவசத்தை இறக்கிக் குனிந்தார். வெந்நீர் ஆவிபோல் வெறுமையாக முகத்தில் மோதிற்று. பெருங்காய டப்பாவைத் திறந்தார். கறிவேப்பிலையைக் கசக்கினார். காப்பி டிகாக்‌ஷனைத் திறந்து பார்த்தார். உலகத்திலிருந்த மணமெல்லாம் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்துகொண்டு போயிருந்தது.

காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. அவர் சொன்னாலொழிய ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் கை தானே உப்புப் போட்டுவிடும். சொன்னாலோ அவரோடு வேலை செய்த அத்தனை பேரும் தனிமைக்குப் போக வேண்டும், அடுப்பு அணையும், தீபிகா பெட்டியை இழுத்துக்கொண்டு ஈஜிபுராவுக்குப் பேருந்து ஏறுவாள். வேலவன் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எச்சில் படலாகாது என்று இத்தனை காலம் காத்த சோற்றில் நோயைக் கலந்து பிள்ளைகளுக்கு இடுவதா? அந்தக் கேள்விக்குப் பின் அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியே முற்றத்துக்கு இறங்கினார்.

அவருடைய உதவியாளர் மதலைமுத்து பின்னாலேயே வந்தார். "என்னண்ணே, தல சுத்துதா?"

"அங்கயே நில்லுப்பா. கிட்ட வராத. இட்லிய நீ இறக்கு. யாரும் யாருகிட்டயும் நெருங்கி நிக்காதீங்க." பிறகு கைப்பேசியை எடுத்து மௌரீனை அழைத்தார்.

"சிஸ்டர், மூக்கு போச்சு."

"ஐயோ, விழுந்துட்டீங்களாண்ணா?"

"விழல சிஸ்டர். பெருங்காயம் வாசன வரல."

மௌரீனுக்குப் புரிந்துவிட்டது. "நின்ன எடத்துலயே நில்லுங்கண்ணா. இதோ வரேன்."

விரைவுப் பரிசோதனை அவர் மூக்கு சொன்னதையே சொன்னது. கொதித்த உணவால் பயமில்லை, பரிமாறும் கைகள் மட்டும் வேறாக இருக்கட்டும் என்றார் மௌரீன். அன்றைய காலை உணவை ஆசிரியர்கள் பரிமாறினார்கள். மதலைமுத்துவும் மற்றவர்களும் தத்தம் அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சமையற்கூடத்துக்கு எதிரே, முற்றத்தின் மறுபக்கம் இருந்த சாமான் அறை சண்முகத்தின் தனிமையறை ஆயிற்று.

முற்றத்தில் வந்து நின்றார் முதல்வர் ஸ்ரீகண்டன். மைசூர்க்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவர் பக்கத்தில் உணவுக்குழுப் பொறுப்பாளரான வேதியியல் ஆசிரியர் சந்திரசேகரன்.

"சமையல்காரரே படுத்துட்டாரு. இன்னு யாரு மாடோது, யாரு சமைக்கறது? சாயங்காலத்துக்குள்ள பசங்கள ஊருக்கு அனுப்பிடோண," என்றார் முதல்வர்.

சாமான் அறைச் சன்னலிலிருந்து குரல் வந்தது. "ஐயா, நான் படுக்கல. மூக்கு மட்டுந்தான் படுத்திருக்கு."

முதல்வர் திரும்பினார். "நீங்க ரெஸ்ட் எடுக்கணும் சண்முகம்."

"எடுக்கறேங்க. ஆனா சன்னல் இருக்கு, அங்க அடுப்பு தெரியுது, எனக்குத் தொண்டை இருக்கு. கையிருக்கறவங்க நாலு பேரக் குடுங்க, நான் இங்கிருந்தே சமைக்கறேன். கீழ்மாடிப் பசங்க ஒண்ணொண்ணும் வீட்டுக்குப் போனா எத்தன வீடு படுக்கும்னு சிஸ்டரக் கேளுங்க."

மௌரீன் சொன்னார். முதல்வர் இறங்கிவந்தார். "நாளைக்கு ராத்திரி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரிப்படலேன்னா பஸ் வந்துடும்."

இவ்வாறு அந்தச் சமையற்கூடத்துக்குள் புதுப்படை ஒன்று புகுந்தது: சந்திரசேகரன், கணித ஆசிரியை வீணா, ஆய்வக உதவியாளர் இருவர். வீணாவுக்கு வீட்டில் நான்கு பேருக்குப் பொங்கிய பழக்கம் உண்டு. சந்திரசேகரனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும்.

"உப்பு எவ்வளவு சண்முகம்?" என்று முற்றத்தைத் தாண்டிக் கத்தினார் சந்திரசேகரன்.

"ரெண்டு கை சார்!"

"யாரோட கை? உங்க கை முறம் மாதிரி இருக்கே!"

"அப்ப மூணு போடுங்க! போட்டுட்டு மோந்து பாருங்க, உப்பு வாசன வருதான்னு!"

"சோடியம் குளோரைடுக்கு வாசனையே கிடையாது சண்முகம்!"

"உங்க சோடியத்துக்கு இருக்காது சார், என் உப்புக்கு இருக்கு!"

வீணா சிரித்த சிரிப்பில் கரண்டி கைநழுவிற்று. ஆனால் அந்த மதியச் சாம்பார் சிரிக்கும்படியாக இல்லை. மேல்மாடியிலிருந்து ஒருவன், "அண்ணா, சாம்பாரா, கடல் தண்ணியா?" என்று கத்தினான். பாத்திரங்கள் பாதிச் சோற்றோடு திரும்பின. சன்னலருகே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் சண்முகம். தம் பெயரில் வெளிவந்த உணவு அப்படித் திரும்பியது அவர் வாழ்விலேயே அன்றுதான். பிள்ளைகள் உண்ணாமல் போனால் முதல்வர் சொன்ன பேருந்து வந்தே தீரும்.

மாலைச் சமையலின்போது சந்திரசேகரன் தயங்கித் தயங்கிச் சன்னலுக்கு எதிரே வந்து நின்றார். "உங்க நியமம் எனக்குத் தெரியும் சண்முகம். ஆனா எங்களால மூக்கால சமைக்க முடியாது. நாக்குல வெக்காம ஒண்ணும் புரியல."

சண்முகம் சன்னல் வழியே அடுப்புக்கு மேலிருந்த வேலவன் படத்தை நோக்கினார். இளமையில் கைக்கொண்டு இம்மியும் பிசகாமல் காத்த நியமம் அது.

"மொதக் கரண்டிய எடுத்து முருகன் முன்னால வெச்சிடுங்க," என்றார் கடைசியில். "அப்புறம் ருசி பாருங்க. உப்பு கம்மியா இருந்தா அவன் கோச்சுக்க மாட்டான் சார். பசங்கதான் கோச்சுக்குவாங்க."

"ருசி பாக்கறவங்க தனிக் கிண்ணத்துல எடுத்து, வெளிய வந்து பாருங்க," என்று இடையில் புகுந்தார் மௌரீன். "அடுப்புகிட்ட மாஸ்க இறக்கினா நான் சும்மா விட மாட்டேன்."

அன்றிரவு ரசமும் சோறும் உருளைக்கிழங்கும். அமுதம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பாத்திரங்கள் காலியாக வந்தன. மறுநாள் மூன்று வேளையும் அவ்வாறே காலியாயின. இரவு முதல்வர் உணவுக்கூடத்து வாசலில் நின்று பார்த்தார். "பஸ் பேடா," என்று மட்டும் சொல்லிவிட்டு, வேண்டாமென்று கையை அசைத்தபடி போய்விட்டார்.

அதன்பின் சண்முகத்துக்குக் காய்ச்சல் ஏறியது. தொண்டை அடைத்தது. குரல் எழாத நாள்களில் சன்னல் கம்பிகளுக்கிடையே கையை நீட்டினார்: உள்ளங்கை தாழ்ந்தால் தீயைக் குறை, விரல்கள் குவிந்தால் கொஞ்சம் உப்பு. படுக்கச் சொல்லிச் சண்டை பிடித்தார் மௌரீன். சமைக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் படுப்பதாக ஒப்பந்தமாயிற்று.

அந்த வாரத்தில்தான் கீழ்த்தளத்திலிருந்த தீபிகாவுக்கும் தொற்று உறுதியானது. மேல்மாடிக்கு மாற்றினார்கள். காய்ச்சல் கடுமையில்லை, தேறிவிட்டாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த நாள்களில் அந்த ஒற்றை அறையில் யாருக்குப் பக்கத்தில் படுத்திருப்பாள் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உணவுக்கூடத்தில் உண்டவர்களில் எவருக்கும் சமையற்கூடத்தின் வழியாக நோய் வரவில்லை.

தேர்வுகள் முடிந்து, பரிசோதனையில் நலமென்று தெரிந்து, மாணவர்கள் வீடுகளுக்குப் புறப்பட்ட காலையில் தீபிகா கைப்பேசியைச் சண்முகத்திடம் நீட்டினாள். "அப்பா உங்ககிட்டப் பேசணுமாம்."

"ஐயா, எம் பொண்ணுக்குச் சோறு போட்டீங்க," என்றது மறுமுனைக் குரல்.

"உங்க உடம்பப் பாத்துக்குங்க," என்றார் சண்முகம். "பொண்ணு சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தின்னு சொன்னா நம்பாதீங்க. அது சந்திரசேகரன் சார் போட்டது."

தீபிகா சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் பேருந்து ஏறிப் போகும்வரை வாசலில் நின்றார். பதக்கம், பாராட்டுவிழா எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்று அவர் நின்ற நிலையில் ஒரு நிமிர்வு இருந்தது. அதைக் கண்ட மதலைமுத்து, "அண்ணே, தேரு நிலைக்கு வந்த மாதிரி நிக்கறீங்க," என்றார். சண்முகம் மறுக்கவில்லை.

மூக்கு மட்டும் திரும்பவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றிருந்தார் மௌரீன். மறுபருவம் தொடங்கிய முதல்நாள் சாம்பாரை இறக்கினார். முதற்கரண்டியை வேலவனுக்கு வைத்தார். ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு வேதியியல் துறைக்கே நடந்தார்.

"சார், பாத்துச் சொல்லுங்க."

சந்திரசேகரன் உறிஞ்சிப் பார்த்தார். "சரியா இருக்கு."

"சரின்னா? ஒரு கல்லு தூக்கலா, ஒரு கல்லு கம்மியா?"

"எனக்குக் கிளாஸ் இருக்கு சண்முகம்!"

"போங்க சார், போங்க. மத்தியானம் ரசம் வெக்கறேன், வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு, மாணவர் கூட்டத்தின் நடுவே கிண்ணத்தோடு அவர் சமையற்கூடத்துக்குத் திரும்பினார்.