பெட்டி மட்டும் ஜெர்மன்

இன்று ஃபேரர் பார்க்கில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "நீங்க செம்பவாங் டாக்யார்டு மாமாதானே?"

என்னோடு அந்தச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கோவிந்தனின் மகள். அவன் இப்போது இல்லை.

"அப்பா கல்யாணத்துக்கு நீங்க கொடுத்த ஜெர்மன் மவுத் ஆர்கன் இன்னும் வீட்ல இருக்கு மாமா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சுங்கை ரோட்டில் பழைய சாமான் விற்ற பாய் என்னை ஏமாற்றவில்லை. "இது காப்பி லா தம்பி, அசல் இல்ல" என்று நேராகவே சொன்னார். மலிவாக இருந்தது, வாங்கினேன். அதோடு நின்றிருக்கலாம்.

"அந்த ஜெர்மன் பெட்டி சும்மாதானே கிடக்கு, அதுல போட்டுக் கொடுங்க பாய்" என்று கேட்டவன் நான்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நாலாவது ஓட்டை மட்டும் அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் சரியா வரல. ஜெர்மன்காரன் செஞ்சதுல தப்பு இருக்குமா, என் மூச்சுதான் சரியில்லன்னு தினமும் ஊதிப் பழகுவாரு. இப்ப என் மகன் ஊதுறான், அவனுக்கும் வரல. எங்க பரம்பரைக்கே மூச்சு பத்தல போல!"

உண்மையைச் சொல்ல இன்னும் மூன்று நிறுத்தங்கள் இருந்தன.

"அப்பா நல்லாத்தாம்மா ஊதுவாரு" என்று முனகிவிட்டு, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

இறங்குவதற்குள் அவள் என்னை முகநூலில் சேர்த்துக்கொண்டாள். அதனால் இந்தப் பதிவை அவள் கண்ணில் மட்டும் படாதபடி மறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

பெட்டி மாற்றுகிற புத்தி இந்த வயதிலும் போகவில்லை, பார்த்தீர்களா?