அவருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

1999இல் என் வீட்டுக்காரருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது வயது முப்பத்து மூன்று. அடுத்த வருடம் இரண்டாவது. பீடியோ சாராயமோ தொடாத மனிதர். ஏன் வருகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. “ஒளிச்சுக் குடிக்கிறாரோ?” என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கேட்டார்கள். செத்துவிடலாம் போலிருந்தது.

பெரகலைக்கு மேலே எங்கள் தோட்டம். வரிசை வீடுகளான லயத்தில், எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் மாரிமுத்து அண்ணன். விடிந்தால் பீடி, சம்பள நாளில் சாராயம். ஆள் மட்டும் எருமை மாதிரி. அவர் மனைவி செல்வி அவரைத் திட்டிக்கொண்டே சோறு போடுவாள். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். திட்டுவதற்கு அவளுக்குத் தெம்பான புருஷன் இருக்கிறாரே!

ஒருநாள் முழங்காலில் நின்று வாய்விட்டே கேட்டேன். “ஆண்டவரே, குடிக்கிறவர விட்டுட்டு இவர ஏன் அடிக்கிறீங்க? இந்த நோவ மாரிமுத்துக்குக் குடுத்துட்டு என் புருஷன எனக்குத் தாங்க!” ஆமாம், அப்படித்தான் ஜெபித்தேன்.

அந்த வாரமே, எனக்குத் தெரியாமல் விறகுக்கட்டைத் தூக்கிய என் வீட்டுக்காரர் மலையில் சுருண்டு விழுந்தார். தோட்டத்து லொறி இல்லை. என் அலறல் கேட்டு ஓடிவந்தவர் மாரிமுத்து அண்ணன். “அழாத தங்கச்சி, நட” என்று அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, வாகனம் கிடைக்கும் சந்தி வரைக்கும் இறங்கினார். அப்போதும் அந்த அகன்ற முதுகைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பொய் சொல்லமாட்டேன்.

கொஞ்சம் பிந்தியிருந்தால் உயிர் போயிருக்கும் என்றார்கள் பதுளை ஆஸ்பத்திரியில். கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே படம் எடுத்துப் பார்த்த யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னார்: “அம்மா, இது குடிச்சு வந்த வருத்தமில்ல. நெஞ்சுக்கு இரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்டு பிறவியிலேயே இடம் மாறி வந்திருக்கு. பாரம் தூக்கேக்க ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவில நெரிபடுது. அதாலதான் திரும்பத் திரும்ப மாரடைப்பு.” ஒப்பரேஷன் செய்து சரிப்படுத்தினார்கள். ஆறு வருடமாகிறது, நோவு வரவில்லை.

ஊர் திரும்பியதும் செல்வியின் கையைப் பிடித்து, நான் ஜெபித்ததைச் சொல்லி அழுதேன்.

“தெரியுங்க அக்கா” என்றாள். “நம்ம காம்பரா செவரு கூரை வரைக்கும் இல்லையே. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அவருந்தான் கேட்டாரு.”

கேட்டவர்தான் சுமந்திருக்கிறார்!

என் ஜெபத்தில் பாதியை மட்டும் கேட்ட கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் வயிற்றெரிச்சலையும் அவரிடமே கொட்டுங்கள். எதைத் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் இப்போதும் சத்தமாகத்தான் ஜெபிக்கிறேன், மாரிமுத்து அண்ணன் நன்றாயிருக்க வேண்டும் என்று. பக்கத்துக் காம்பராவில் கேட்கட்டும்.