சந்து முனையில் நட்ட பலகை

போன வாரம் ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். எனாமல் பெயிண்டும் டர்பன்டைனும் கலந்த வாசனை மூன்றாவது மாடிவரை ஏறி வந்துவிட்டது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மதியச் சாப்பாடு வேண்டாம் என்றேன். காலையில் சாப்பிட்ட பொங்கல்தான் காரணம் என்றாள் மனைவி. நானும் பொங்கல்மேலேயே பழியைப் போட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்தேன். சொட்டு மருந்து, சிறுசேமிப்பு, சாலைப் பாதுகாப்பு என்று அரசாங்கம் மக்களுக்கு எதைச் சொல்ல நினைத்தாலும் அதைத் தகரப் பலகையில் எழுதி நடுவது எங்கள் வேலை. வருஷம் பூராவும் ஈ ஓட்டுவோம். மார்ச் பிறந்ததும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது மாதிரி ஓடுவோம். ஒதுக்கிய பணத்தை மாதக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும், அதைக் காட்டியே அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்கள். அதனால் பின்கட்டில் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து காய்ந்துகொண்டிருக்கும். டப்பாவைத் திறந்தால் தயிர்சாதம்கூடப் பெயிண்ட் மணக்கும்.

அந்த வருஷம் சாலைப் பாதுகாப்பு வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ‘மெதுவாகப் போங்கள், வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார்.’ இதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். எட்டடிக்கு நாலடி பலகையில் சிவப்பு எழுத்தில் பார்த்தபோது ஏதோ காவியமே பாடிவிட்ட நினைப்பு எனக்கு.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு வளைவு. அதை ஒட்டி, காலனிக்குப் போகும் சந்து. பலகையை எங்கே நடுவது என்று நாங்கள் சாலையைப் பார்த்து முடிவு செய்வதில்லை, கேமராவைப் பார்த்துத்தான். செலவுக் கோப்பில் புகைப்படம் ஒட்ட வேண்டும். வெயில் நேராக விழவேண்டும், எழுத்து முழுசாகத் தெரியவேண்டும், ஜீப்பை நிறுத்தப் புளியமர நிழல் வேண்டும். சந்து முனையில் இவ்வளவும் இருந்தது. இங்கேதான் என்று விரல் நீட்டிக் காட்டியவன் நான்.

பலகை நட்டுக் குழிக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தபோதே சந்து முனையில் இட்லிக் கடை போட்டிருந்த கன்னியம்மா என்னைக் கூப்பிட்டார்.

“சார், இப்படி வந்து நில்லுங்க. இன்னா தெரியுது?”

பலகையின் முதுகு தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

“பஸ்ஸு வந்துகினு கீது சார். சத்தந்தான் கேக்குது, வண்டி தெரியல பாருங்க. எங்க வூட்டுக்காரரு விடிஞ்சதும் சைக்கிள எடுத்துகினு இப்படித்தான் ரோட்டுல ஏறுவாரு. நாலடி உள்ள தள்ளி வெச்சா போதும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பலகைக்குப் பின்னாலிருந்து பேருந்து பாய்ந்து எங்களைக் கடந்தது. என் சட்டை படபடத்தது. பயந்துவிட்டேன், மறைக்காமல் சொல்கிறேன்.

அவருடைய கணவர் முனுசாமி கடற்கரை ஓட்டல் ஒன்றில் தோட்ட வேலை செய்பவர். அன்று விடுமுறை போலிருக்கிறது, கடையில் இட்லி தின்றுகொண்டிருந்தார். “வுடு கன்னிம்மா, சாரு இன்னா பண்ணுவாரு? மேல கேக்கணும் இல்ல?” என்று சிரித்தார். எழுதிக் கொடுங்கள் என்றேன். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி நோட்டுத் தாளைக் கிழித்து எழுதினாள். கன்னியம்மா கைநாட்டு வைத்தார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மார்ச் கடைசிப் பத்து நாள் தபால் முத்திரை கண்காணிப்பாளரின் பீரோவுக்குள் போய்விடும். எந்த மனு வந்தாலும் ஏப்ரல் ஒன்றாம் தேதிதான் வந்ததாகக் கணக்கு. வருஷத்துக் கோப்பெல்லாம் பிசிறில்லாமல் முடிந்துவிடும்.

“நட்ட பலகைய நகர்த்துனா, எடத்த ஏன் தப்பா பாத்தீங்கன்னு தணிக்கையில குடைவான் தம்பி” என்றார் கண்காணிப்பாளர். “ஒண்ணாந்தேதி முத்திரை போட்டுக்கலாம். ஒரு வாரந்தானே?”

நானே இரண்டு ஆளையும் ஒரு கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. நாலடி உள்ளே தள்ளினால் என் வாசகத்தில் பாதி புளியமரத்துக்குப் பின்னால் போய்விடும். அதுவும் ஒரு காரணம், உங்களிடம் என்ன பொய்? மனுவை மேஜை இழுப்பறையில் விரித்திருந்த தாளுக்கு அடியில் வைத்தேன். அந்த வாரம் முழுக்க, யாராவது வேகமாக உள்ளே வந்தால் இழுப்பறையைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன்.

மார்ச் முடிய மூன்று நாள் இருந்தது. காலை ஆறேகால் மணிக்கு, சந்திலிருந்து சைக்கிளில் ரோட்டுக்கு ஏறிய முனுசாமியைச் சுற்றுலா வேன் ஒன்று அடித்துப்போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வேலையே இருக்கவில்லை.

“நம்ம பலகையாண்டயாம்” என்றார் கண்காணிப்பாளர், குரலைத் தாழ்த்தி. கொஞ்ச நேரம் கழித்து, “போட்டோ எடுத்தாச்சா?” என்றார்.

எடுக்கவில்லை. மறுநாள் புகைப்படக்காரரோடு போனேன். சாலையில் ரத்தம் இருந்த இடத்தில் மணல் கொட்டியிருந்தது. இட்லிக் கடை மூடியிருந்தது. மணல் படத்தில் விழுகிறது என்று, அதை மறைத்தாற்போல என்னை இரண்டடி நகர்ந்து நிற்கச் சொன்னார் புகைப்படக்காரர். நகர்ந்தேன். படம் அருமையாக வந்தது.

ஒன்றாம் தேதி முத்திரை வெளியே வந்தது. மனுவை எடுத்துக்கொண்டு போனேன். கண்காணிப்பாளர் கையில் வாங்கவே இல்லை. “இதுக்கு நம்பர் போட்டா, நமக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிடும்” என்றார். கிழிக்கச் சொல்லவில்லை. கிழித்தது நான். மே மாதம் பலகையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி நட்டோம். நாலு ஆளுக்கு அரைமணி நேர வேலை.

இரண்டு வருஷம் கழித்துத் திருக்கழுக்குன்றம் பேருந்து நிலையத்தில் கன்னியம்மா என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். ஓடிவிடலாமா என்று தோன்றியது.

“நீங்க ஒருத்தர்தான் சார் எங்க பேச்சக் கேட்டீங்க” என்றார். “மனு மேல போய்ச் சேர்றதுக்குள்ள அவுரு பூட்டாரு. உங்க மேல இன்னா தப்பு?”

“ஆமாம்மா” என்றேன். பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். வளைவு இல்லை, புளியமரங்கள் இல்லை. சந்து இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க். காலனிக்காரர்களுக்கு வேறெங்கோ இடம் கொடுத்தார்களாம், எங்கே என்று பங்கில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பிரிவையே கலைத்துவிட்டார்கள். கண்காணிப்பாளரும் காலமாகிவிட்டார். மனு மேலே போகவே இல்லை என்பது தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். கன்னியம்மா எங்காவது இருந்தால், இன்றைக்கும் என்னை நல்லவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.