பிள்ளைமடுவத்து வேலை

என் மகள் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைமடுவத்தில் வேலை தருவதாகக் கணக்கப்பிள்ளை நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கே, வந்து சொன்னார். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயம்மா மகனோடு இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் வழியில் பிறந்த எங்களை இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட்ட வருடங்கள் அவை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிப்பேன் என்பதால் தோட்டத்துத் துரை என் பெயரைச் சொல்லியிருந்தார்.

"நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல பதில் சொல்லும்மா. உனக்கு இஷ்டமில்லன்னா கந்தப்பளைப் பக்கமிருந்து ஒருத்திய வரச் சொல்லணும்," என்றார் கணக்கப்பிள்ளை.

சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை, அழுகைகூட. ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் அழுதார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து கத்தியைச் சுவரோரம் சாத்தினார். விஷயத்தைச் சொன்னேன்.

"போ புள்ள. மழையில்ல, அட்டக்கடி இல்ல. குந்துன எடத்துல வேல," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க போயி இருக்க முடியுமா உன்னால?" என்று கேட்டார்.

"தெரியல," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையில் எங்கள் பிள்ளையைக் கொடுக்கமாட்டோம் என்று லயத்தில் யாராவது ஒருத்தி சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு யோசிக்கிற வேலை மிச்சம். ஒன்றுமில்லாததற்கெல்லாம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தை வைத்துச் சண்டைக்கு நிற்பவர்கள், அன்று பார்த்து நல்லவர்களாகிவிட்டார்கள். "நீ இருந்தா எங்களுக்கு நிம்மதிதான்," என்றாள் எங்கள் சுவரை ஒட்டியிருந்த பக்கத்துக் காம்பராக்காரி. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்வதாகத்தான் ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். பிள்ளைகள் எல்லாம் வீடு போன பிறகு, ஊருக்குப் போகிற ஆயம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமென்று மடுவத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் தாய்மார் ஆளுக்கொரு பழைய சேலையை விட்டத்தில் தொட்டிலாகக் கட்டுவோம். மாலையில் அவிழ்த்துத் துவைக்க எடுத்துப்போவோம். ஒருத்தி கட்டிய தொட்டிலை இன்னொருத்தி அவிழ்ப்பதில்லை.

விட்டம் வெறுமையாக இருந்தது. மூலையில் மட்டும் ஒரு தொட்டில் தொங்கியது. என் சேலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆயம்மா நான் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மலைக்கு ஆள் அனுப்பிய அன்று, ஓடிவந்து மகளை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்குப் பிறகு சேலை என் நினைவிலேயே இல்லை.

"கட்டுன கைதான் அவுக்கணும் தாயி. எனக்கு மனசு வரல," என்றார் ஆயம்மா. "நான் போறதுக்குள்ள நீயே அவுத்துக்கிட்டுப் போயிரு."

பெஞ்சின் மேல் ஏறினேன். முடிச்சு அசையவில்லை. நான் போடும் முடிச்சு இவ்வளவு இறுகாது. பிள்ளை கிடந்த கனத்தில் இறுகியது அது. நகம் ஒடிந்தது. ஆயம்மா சின்னக் கத்தி ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று இறங்கிவிட்டேன்.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கந்தப்பளையிலிருந்து வருகிறவளுக்கு இது யார் கட்டிய தொட்டில் என்று தெரியாது. வந்ததும் வராததுமாக அறுத்துப் போடுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

மறுநாள் பெரட்டில், சரி என்றேன். புத்திசாலிப் பெண் என்று கணக்கப்பிள்ளை மெச்சினார். மழைக்குப் பயந்து ஒப்புக்கொண்டதாகச் சிலர் நினைத்தார்கள், பிள்ளைப் பாசம் என்றார்கள் சிலர். இரண்டுமில்லை. என் முடிச்சில் வேறொருத்தி கத்தி வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அன்றே வேலையில் சேர்ந்தேன். பெரட்டுக் கலைந்ததும் மடுவத்துக்கு முதலில் வந்தவள் பக்கத்துக் காம்பராக்காரி. தொட்டில் கட்டும் வரைக்கும் பிடி என்று பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். என் மகள் பிறந்த அதே வாரத்தில் பிறந்த பிள்ளை. வாங்கியதும் என் கை கொஞ்சம் இறங்கியது. இந்தக் கனம்தான் அந்த முடிச்சில் இருந்தது.

அவள் கட்டி முடித்துக் கையை நீட்டினாள். "குடு, மலைக்கு நேரமாகுது."

"கொஞ்சம் இரு," என்றேன்.